இ-பாஸ்போர்ட்டின் சிப் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய மகனை நிறுவனம் இரண்டு மாதப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்புகிறது. அதற்காக எடுத்த புதிய பாஸ்போர்ட்டின் உறையில் பொன்னிறத்தில் ஒரு சிறு சின்னம் இருக்கிறது; உள்ளே சிப் வைத்திருக்கிறார்களாம். அதில் மகனின் கைரேகையும் ஆதாரும் இருக்குமா, பெங்களூர் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் செல்போனை வைத்து அதை எடுத்துக்கொள்ள முடியுமா, மகன் எங்கே போகிறார் என்று யாராவது கண்காணிப்பார்களா, எதற்காக எல்லா நாடுகளும் இதைக் கொண்டுவருகின்றன என்று கேட்கிறார். நான்கு கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்தச் சிப் மகனைக் காக்கிறதா, காட்டிக்கொடுக்கிறதா?

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். பெங்களூரில் பதினெட்டு ஆண்டுகள், தொடாமலே படிக்கக்கூடிய சிப் அட்டைகளையும் அவற்றைப் படிக்கும் கருவிகளையும் சோதிக்கும் வேலை பார்த்தேன். பாஸ்போர்ட் அச்சிடும் இடத்திலோ இமிகிரேஷன் துறையிலோ பணியாற்றியதில்லை. ஆகவே எல்லா நாடுகளுக்கும் பொதுவான தரத்தில் உள்ளதை உறுதியாகச் சொல்வேன். அந்தத் தரம் ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டிருக்கும் இடங்களை அப்படி விட்டிருக்கிறது என்றே சொல்வேன்.

பாஸ்போர்ட்டில் மகனின் படம் உள்ள பக்கத்தின் அடியில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அம்புமுனை போன்ற குறிகளுமாக இரண்டு வரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வரிக்கு 44 இடங்கள். மான்ட்ரியலில் தலைமையகம் கொண்ட, ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், 9303 என்ற எண் கொண்ட தன் ஆவணத்தில் இதை வகுத்திருக்கிறது. அந்த ஆவணத்தின் முதல் பதிப்பு 1980இல் வந்தது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இலக்கம் கூடுதலாக இருக்கும். முன்னால் உள்ளவற்றை 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, வரும் தொகையைப் பத்தால் வகுத்தால் கிடைக்கும் மீதி அது. கருவி ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் மீதி ஒத்துவராது, உடனே தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கணக்குத் தெரிந்த எவரும் பொய்யான ஒரு வரிக்கும் சரியான மீதியை எழுதிவிடலாம். அந்த இலக்கம் படிப்பதில் வரும் பிழையைப் பிடிக்குமே தவிர மோசடியைப் பிடிக்காது. சிப் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

சிப் என்பது உறைக்குள் ஒட்டப்பட்ட ஒரு சிறு சில்லும், அதைச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருளான ஆன்டெனாவும் மட்டுமே. அதில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியின் அருகில் வைக்கும்போது, கருவி உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்துதான் அதற்கு மின்சாரமே கிடைக்கிறது. கருவியை விட்டு எடுத்தால் அது மீண்டும் உயிரற்ற பொருள்தான். ஆகவே அது எங்கேயும் தானாகச் செய்தி அனுப்பாது, செயற்கைக்கோளோடு பேசாது, மகன் இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாது. இதில் எனக்கு ஐயமே இல்லை. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் தொப்பூரிலும் லாரியின் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் பல அடி தூரத்திலிருந்தே கருவி படித்துவிடுகிறதே, பாஸ்போர்ட்டை மட்டும் ஏன் படிக்க முடியாது என்று ஊரில் சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், இரண்டிலும் பேட்டரி இல்லை. ஆனால் ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், தூரத்திலிருந்து படிப்பதற்கென்றே செய்யப்பட்டது. பாஸ்போர்ட் சிப் 13.56 மெகாஹெர்ட்ஸில், அருகிலுள்ள காந்தப்புலத்தை நம்பி இயங்குவது. தூரம் கூடக் கூட அந்தப் புலம் மிக வேகமாக வலுவிழந்துவிடும். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான் அதன் எல்லை. சோதனைக்கூடத்தில் நல்ல கருவியின் மேலேயே புத்தகத்தைச் சற்றுத் தள்ளி வைத்தால் படிக்காமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சரி, பஸ் நெரிசலில் 10 சென்டிமீட்டர் ஒரு தூரமா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் சிப்புக்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் சேர்த்து உருவாக்கும் ஒரு சாவியைக் கருவி முதலில் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால்தான் சிப் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கும். அந்த மூன்றும் உள்ளே அச்சிட்ட இரண்டு வரிகளில்தான் இருக்கின்றன. அதாவது புத்தகத்தைத் திறந்து பார்த்தவருக்குத்தான் சிப்பும் திறக்கும். மூடிய பையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் மேல் செல்போனை வைப்பவருக்கு எதுவும் கிடைக்காது. இந்தப் பூட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிறந்த தேதியை ஊகிக்கலாம், பாஸ்போர்ட் எண்கள் பெரும்பாலும் வரிசையாக வருபவை, காலாவதித் தேதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே சாவிக்கான சாத்தியங்களின் எண்ணிக்கை நாம் நினைப்பதைவிடக் குறைவு. கவுன்டரில் கருவியும் சிப்பும் பேசிக்கொள்வதைச் சற்றுத் தள்ளி இருந்து பதிவு செய்துகொண்டு, பிறகு கணினியில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆய்வாளர்கள் பழைய முறையில் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் உருவாக்கிய புதிய முறையில் அப்படிப் பதிவு செய்தாலும் பயன் இல்லை. ஐரோப்பிய நாடுகள் அதற்கு மாறிவிட்டன.

இதில் இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சாவி முழுவதும் படப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை டிராவல்ஸ்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், லாட்ஜில் ஜெராக்ஸ் கொடுத்தால், அவர்கள் கையில் சிப்பின் சாவியும் இருக்கிறது, சிப்பில் உள்ள விவரமும் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. பஸ்ஸில் நிற்கும் அந்நியரை நினைத்து அஞ்சும் நாம், தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் அந்தப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உலோகத் தாள் வைத்த உறைகளை விற்கிறார்கள்; அவை அலையைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த உறைக்குக் கொடுக்கும் பணத்தைவிட, யார் யாருக்குப் படத்தை அனுப்பினோம் என்று ஒருமுறை யோசிப்பது மகனுக்கு அதிகப் பாதுகாப்பு.

சிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். தரப்படி அதில் பதினாறு பகுதிகள் வரை இருக்கலாம். கட்டாயமாக இருக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, அச்சிட்ட அந்த இரண்டு வரிகள். மற்றொன்று, முகத்தின் படம். மூன்றாம் பகுதி கைரேகைக்கும் நான்காவது கருவிழிக்கும் ஒதுக்கப்பட்டவை; அவற்றை நிரப்புவதும் விடுவதும் அந்தந்த நாட்டின் முடிவு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2009 ஜூன் முதல் கைரேகையைச் சேர்க்கின்றன. அமெரிக்காவும் பிரிட்டனும் முகத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கின்றன. ஆதார் எண்ணுக்கென்று அந்தக் கட்டமைப்பில் தனி இடம் எதுவும் இல்லை. தொடாமலே சிப்பைப் படிக்கும் என்எஃப்சி வசதி உள்ள செல்போனும், பாஸ்போர்ட் படிக்கும் நம்பகமான செயலியும் இருந்தால் உங்கள் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்: மூன்று விவரங்களையும் கொடுத்துப் புத்தகத்தின் மேல் போனை வைத்தால் மகனின் முகமும் விவரங்களும், எந்தெந்தப் பகுதிகள் நிரப்பப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலும் வரும். கைரேகைப் பகுதி இருந்தாலும் அதை உங்கள் போன் திறக்காது; அதற்கு வேறொரு பூட்டு உண்டு, பாஸ்போர்ட் கொடுத்த நாடு அனுமதித்த கருவிக்கு மட்டுமே அது திறக்கும்.

சிப்பில் கைரேகை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து, ஜெர்மனிக்குக் கைரேகை போகுமா போகாதா என்று முடிவு செய்யக்கூடாது. ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பத்து விரல் ரேகைகளையும் எடுப்பார்கள். இந்தியாவில் 2015 நவம்பரிலிருந்து இது நடக்கிறது. அது அவர்களுடைய தகவல் தொகுப்பில் சேர்வது. அதற்கும் பாஸ்போர்ட் சிப்புக்கும் தொடர்பில்லை. கைரேகை குறித்துக் கவலைப்படுபவர்கள் பார்க்க வேண்டியது சிப்பை அல்ல, அந்தத் தொகுப்புகளை யார் எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். சிப்பின் உண்மையான வலு அதில் உள்ள படத்தில் இல்லை, அந்தப் படத்தின் மேல் அரசு இட்டிருக்கும் மின்னணுக் கையொப்பத்தில் இருக்கிறது. நம் ஊரில் இணையத்தில் பட்டா எடுத்தால் தாளில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் கியூஆர் கோடும் இருக்கின்றன. வாங்குபவர் அந்த எண்ணை அரசுத் தளத்தில் போட்டு, தாளில் உள்ள பரப்பும் பெயரும் அங்கே உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். பாஸ்போர்ட்டிலும் நோக்கம் இதுவே, வழி வேறு. ஃபிராங்க்பர்ட் விமான நிலையத்தில் இருக்கும் அலுவலர் ஒவ்வொரு பயணிக்கும் டெல்லியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் அத்தாட்சி பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. சிப்பின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கணக்குப் போட்டு ஒரு சுருக்க எண் எடுக்கிறார்கள். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். அந்த எண்களின் பட்டியலின் மேல், அரசிடம் மட்டும் இருக்கும் இரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறார்கள். அது சரிதானா என்று பார்ப்பதற்கான வெளிப்படையான சான்றிதழை ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளுக்குக் கொடுத்துவைக்கிறது. 2007 முதல் அதற்கென ஒரு பொது அடைவையும் அந்த விமானப் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிறது. ஆகவே கையொப்பத்தைச் சரிபார்க்க எவராலும் முடியும். புதிதாக இடப் பாஸ்போர்ட் கொடுத்த அரசு ஒன்றால்தான் முடியும்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள இரண்டு சம்பவங்கள் உதவும். 2006இல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு பாதுகாப்பு மாநாட்டில், ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் தன் பாஸ்போர்ட் சிப்பில் இருந்ததை அப்படியே வேறொரு சிப்புக்கு நகலெடுத்துக் காட்டினார். பாதுகாப்பு உடைந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். ஆனால் நகலிலும் அவருடைய முகம்தான் இருந்தது. ஒரு புள்ளியை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போயிருக்கும். நகலெடுப்பதையும் தடுக்க, சிப்பை விட்டு வெளியே வராத தனிச் சாவி ஒன்றை வைத்துச் சிப்பையே சோதிக்கும் முறைகள் தரத்தில் உண்டு. அவை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இரண்டாவது சம்பவம்தான் எனக்கு அதிகக் கவலை தந்தது. 2008இல் மற்றோர் ஆய்வாளர் மறைந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் படத்தைப் போட்டு, கையொப்பத்தையும் தானே இட்டு ஒரு சிப் தயாரித்தார். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் பயணிகள் தாமாகப் பயன்படுத்தும் ஓர் இயந்திரம் அதை ஏற்றுப் படத்தைத் திரையில் காட்டியது. கையொப்பம் யாருடையது என்று அந்த இயந்திரம் பார்க்கவே இல்லை. முத்திரையைப் பார்க்காமல் பத்திரத்தை வாங்கிக்கொள்வதற்குச் சமம் அது. தொழில்நுட்பம் சரியாகவே இருந்தது. பயன்படுத்திய இடத்தில் தவறு நடந்தது.

நாடுகள் இதை ஏன் விரும்பின என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் எங்கள் தெருவிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஒருவர், திரும்பி வரும்போது ஒரு விமான நிலையத்தில் இரவு முழுவதும் உட்கார வைக்கப்பட்டார். கையால் எழுதிய பாஸ்போர்ட். அங்கே அவர் தங்கியிருந்த இடத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் படம் ஒட்டிய மூலை தூக்கிக்கொண்டிருந்தது. வேறொருவரின் பாஸ்போர்ட்டில் தன் படத்தை ஒட்டிவிட்டார் என்று ஐயம். அந்தப் புத்தகத்தைப் பார்த்தபோது, அலுவலரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. படத்தை உரித்து மாற்றுவது அக்காலத்தில் மிகப் பரவலான மோசடி. குற்றமற்றவர் தன் பக்கத்து நியாயத்தை நிரூபிக்க வழியில்லாமல் இருந்தார் என்பதுதான் என்னை உறுத்தியது. இன்று அதே மனிதரின் முகம் கையொப்பத்தோடு சிப்பில் இருந்தால், படத்தின் மூலை தூக்கிக்கொண்டிருந்தாலும் சில நொடிகளில் அவர் வெளியே வந்திருப்பார்.

சிப் வைத்த பாஸ்போர்ட்டை உலகில் முதலில் கொடுத்தது 1998இல் மலேசியா. மற்ற நாடுகளை வேகமாக நகர்த்தியது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 2002இல் அமெரிக்கா இயற்றிய சட்டம். விசா இல்லாமல் வரும் சலுகை பெற்ற நாடுகள் இத்தகைய பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது, நீட்டித்து நீட்டித்து இறுதிக் கெடு 2006 அக்டோபரில் வந்து நின்றது. அந்தச் சலுகையை இழக்க எந்த நாடும் விரும்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் தன் விதியை இயற்றியது. அதன் பிறகு, முகத்தைப் பார்த்துத் தானாகத் திறக்கும் வாயில்கள் வந்தன. பெருகும் பயணிகளுக்கு ஏற்ப அலுவலர்களைப் பெருக்க முடியாத விமான நிலையங்களுக்கு அது பெரிய ஈர்ப்பு. இந்தியா 2008இல் தூதரக, அரசு அலுவல் பாஸ்போர்ட்டுகளில் சிப் வைத்தது. பொதுமக்களுக்கு 2024 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கி, சென்னையில் 2025 மார்ச்சில் கொடுக்க ஆரம்பித்தது. சிப் இல்லாத பழைய பாஸ்போர்ட் அதில் அச்சிட்டுள்ள தேதி வரை செல்லும். மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிப் இருப்பதால் எந்த நாட்டின் விசாவும் தேவையற்றுப் போய்விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படி ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது.

2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச் 370இல் இருவர் திருடப்பட்ட ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுகளில் ஏறியிருந்தார்கள். அவை திருடப்பட்டவை என்ற பதிவு இன்டர்போலின் தொகுப்பில் ஏற்கெனவே இருந்தது; புறப்பட்ட இடத்தில் யாரும் அதில் தேடிப் பார்க்கவில்லை. உலகிலேயே முதலில் சிப் பாஸ்போர்ட் கொடுத்த நாட்டின் விமான நிலையம் அது. கருவி இருப்பதும் அதைக் கொண்டு பார்ப்பதும் வேறு வேறு என்று இளைய பொறியாளர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் நான் இதையே சொல்வேன்.

முகப் பொருத்தத்திலும் உறுதியற்ற இடங்கள் உண்டு. சிப்பில் உள்ள முகமும் எதிரே நிற்பவரின் முகமும் ஒருவருடையதா என்பதற்கு இயந்திரம் சொல்வது ‘ஆம்’ அல்ல, ‘இவ்வளவு ஒத்திருக்கிறது’ என்ற மதிப்பெண். எங்கே கோடு போடுவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. இரட்டையரிடமும், சிறு வயதில் எடுத்த படத்தோடு வளர்ந்த பிள்ளையிடமும் அது தடுமாறும். இருவர் முகங்களைக் கணினியில் கலந்து ஒரே படமாக்கினால் இருவருக்குமே அந்தப் பாஸ்போர்ட் பொருந்தக்கூடும் என்று 2014இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். விண்ணப்பதாரர் கொண்டுவரும் படத்தை ஏற்கும் நாடுகளுக்கு அது தீராத தலைவலி. நம் நாட்டில் பெரியவர்களுக்குச் சேவை மையத்தின் கவுன்டரிலேயே படம் எடுப்பதால் அந்த வழி பெருமளவு அடைபட்டிருக்கிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் சிப் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கையொப்பமிட்ட நாளில் அரசு எழுதியது இதுவரை மாறவில்லை. எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. பிறந்த தேதி பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் போட்ட தேதியாக இருந்தால், அதே தேதியைத்தான் உலகின் எல்லா விமான நிலையங்களிலும் அது உறுதிப்படுத்தும். இனிஷியலை விரித்து எழுதும்போது தகப்பன் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அந்தப் பிசகும் கையொப்பத்தோடு நிலைத்துவிடும். இப்போது வழக்கிலுள்ள தரப்படி, கொடுத்த பிறகு சிப்பில் எதையும் திருத்த முடியாது. புதிய பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒரே சொல்லாகப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விருந்தினர் விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது நம் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது நினைவிருக்கும். இந்தக் குறையைச் சிப் தீர்க்காது, கடுமையாக்கும்.

ஆகவே அம்மா, மகன் புறப்படும் முன் செய்ய வேண்டியவை சிலவே. படப் பக்கத்தில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக, விசா விண்ணப்பத்தோடும் விமான டிக்கெட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் உறையில் ஸ்டாப்ளர் பின் அடிக்க யாரையும் விடாதீர்கள். ஒரு பின் ஆன்டெனாவை அறுத்துச் சிப்பைச் சாகடித்ததைச் சோதனை மேசையில் பார்த்திருக்கிறேன். உறையை மடிக்கவோ, பர்ஸில் வைத்து அதன் மேல் உட்காரவோ வேண்டாம். அப்படியும் சிப் வேலை செய்யாமல் போனால் பயப்பட வேண்டியதில்லை. தரப்படி அது அப்போதும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்தான், தானியங்கி வாயில் திறக்காது, அலுவலர் இருக்கும் கவுன்டரில் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்பார்கள். அதற்காக நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தையும் தங்கும் இடத்தின் முகவரியையும் கைப்பையில் எளிதாக எடுக்கும்படி வைத்திருக்கட்டும்.